போயா மாலையில் விண்வெளிப் படங்கள்: வெள்ளவத்தைத் திரையிடல் எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படம் பார்க்க மட்டும் என்றால் இங்கே போகத் தேவையில்லை. வீட்டு டிவியில் இதைவிடத் தெளிவாகத் தெரியும், ஃபேன் நம் கையில் இருக்கும், கதிரையும் முதுகை வருத்தாது. வெள்ளவத்தையில், முழுநிலா விடுமுறையான போயா நாள் மாலைகளில் நடக்கும் இந்த விண்வெளித் திரையிடலுக்கு நான் திரும்பத் திரும்பப் போவது படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு நடக்கிற கதைக்காகத்தான். கொழும்பில் தமிழில் உட்கார்ந்து ரொக்கெட், கோள், செயற்கைக்கோள் என்று இரண்டு மணித்தியாலம் வாய்விட்டுக் கதைக்க வேறெங்கே இடம் இருக்கிறது, சொல்லுங்கள். ஆனால் நடத்துபவர்கள் இன்னும் படத்தைத்தான் பெரிய சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், என்னுடைய முக்கியமான முறைப்பாடு அதுதான், பிறகு வருகிறேன்.

தெரியாதவர்களுக்கு: காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியில் ஒரு சின்ன மண்டபம். பகலில் டியூஷன் நடக்கும் இடம், அதனால் வெள்ளைப் பலகையில் யாரோ எழுதிய இரசாயனச் சமன்பாடு பாதி அழிந்தும் அழியாமலும் இருக்கும், அதற்கு முன்னால் திரையைக் கட்டிவிடுகிறார்கள். நுழைவுக்குக் காசு இல்லை, வாசலில் ஒரு உண்டியல், விரும்பினால் போடலாம். வருபவர்கள் எல்லா விதமும்: சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாமார், கேம்பஸ் பெடியள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பக்கத்து ஃப்ளட்டிலிருந்து சும்மா எட்டிப் பார்க்க வந்து கடைசிவரை இருந்துவிடும் ஒன்றிரண்டு சிங்களக் குடும்பங்கள். பிளேன்டீயும் ரோல்ஸும் உண்டு. ரோல்ஸ் நல்லது, இடைவேளைக்கு முன்பே முடிந்துவிடும்.

புரொஜெக்டர் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெளிச்சம் போதாது. விண்வெளிப் படம் என்றால் பாதி நேரம் திரை முழுக்கக் கறுப்புத்தானே, அந்தக் கறுப்பு இங்கே சாம்பலாகத் தெரியும், யன்னல் சீலை வேறு மெல்லியது, தெருவிளக்கு உள்ளே வருகிறது. ஸ்பீக்கர் பரவாயில்லை, ஆனால் மண்டபம் எதிரொலிக்கும். அதைவிட, கரையோரப் பாதையில் ரயில் போகும்போது ஒரு நிமிடத்துக்கு எதுவும் கேட்காது. விண்வெளியில் சத்தமே இல்லை என்று காட்டும் காட்சியில் மருதானைப் பக்கம் போகிற ரயில் ஹோர்ன் அடித்தால் சிரிக்காமல் என்ன செய்வது. ஆங்கிலப் படத்துக்கு ஆங்கிலத்திலேயே சப்டைட்டில், பின்வரிசையில் இருந்தால் முன்னால் இருப்பவர் தலை மறைக்கும். முன்னுக்கே போய் இடது பக்கம் இருங்கள், வலது பக்கம் ஒரு தூண் நிற்கிறது.

இனி படங்கள். சந்திரனில் மனிதன் இறங்கியதைப் பற்றிய 2019ஆம் ஆண்டு ஆவணப்படம், ‘அப்பல்லோ 11’, அதைப் போட்ட மாலைதான் எனக்கு இந்தக் கூட்டத்தின் மேல் மரியாதையை உண்டாக்கியது. அந்தப் படத்தில் பின்னணி விவரிப்பே கிடையாது, புதிதாக எடுத்த பேட்டிகளும் கிடையாது, எல்லாம் அந்தக் காலத்துப் படச்சுருளும் அந்தக் காலத்துக் குரல்களும்தான். அதனாலேயே பிள்ளைகளுக்குப் பாதி விளங்கவில்லை என்பது வேறு கதை. இறங்கும் கட்டத்தில் கணினி 1202 என்று எச்சரிக்கை காட்டும்போது மண்டபத்தில் யாருக்கும் அது என்னவென்று தெரியாது, ஆனால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். படம் முடிந்ததும் ஒரு மிஸ், பௌதிகவியல் படிப்பிக்கிறவர், இந்தக் கலந்துரையாடலை வழக்கமாக நடத்துபவர், அதைத்தான் முதலில் எடுத்தார். கணினிக்கு ஒரே நேரத்தில் செய்யச் சொன்ன வேலை கூடிப்போனது, அது முக்கியமில்லாத வேலைகளை விட்டுவிட்டு இறங்குவதற்குத் தேவையானதை மட்டும் தொடர்ந்து செய்தது, அந்த எச்சரிக்கையின் பொருள் அவ்வளவுதான் என்று இரண்டு நிமிடத்தில் விளக்கிவிட்டார். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் “என்ர வீட்டு வேலை மாதிரித்தான்” என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

அப்புறம் வழக்கமான கேள்வி வந்தது. எங்கே போனாலும் வரும். கேம்பஸ் பெடியன் ஒருவன் எழும்பி, “மிஸ், காற்றில்லாத இடத்தில கொடி எப்பிடி ஆடுது? இதெல்லாம் ஸ்டூடியோவில எடுத்ததாம்” என்றான். சில கூட்டங்களில் இப்படிக் கேட்டவரை நக்கலடித்தே இருத்திவிடுவார்கள். மிஸ் அப்படிச் செய்யவில்லை. “தம்பி, நீர் சரியான இடத்தில பார்த்திருக்கிறீர்” என்று சொல்லி அந்தத் துண்டைத் திரும்பப் போடச் சொன்னார். கொடியின் மேல் விளிம்பில் குறுக்காக ஒரு கம்பி இருப்பதைக் காட்டினார். காற்று இல்லை என்று தெரிந்துதான் கொடி தொங்கிப்போகாமல் இருக்க அதை வைத்திருக்கிறார்கள். கம்பத்தைத் திருகி நடும்போது துணி ஆடுகிறது, தடுக்கக் காற்று இல்லாததால் அந்த ஆட்டம் பூமியைவிடக் கூட நேரம் நிற்கிறது, கையை எடுத்து அசைவு அடங்கினால் பிறகு அசையாது. பெடியன் விடவில்லை, வேறு ஆதாரம் கேட்டான். அப்பல்லோ 11, 14, 15 மூன்றும் சந்திரனில் விட்டுவந்த பிரதிபலிப்பான்களுக்கு இன்றைக்கும் பூமியிலிருந்து லேசர் அடித்துத் தூரம் அளக்கிறார்கள் என்றார். அமெரிக்காவை நம்பாவிட்டால் இந்தியாவை நம்பும், சந்திரயான் 2 சுற்றுகலமும் அப்பல்லோ 11 இறங்கிய இடத்தைப் படம் எடுத்திருக்கிறது என்று பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அதோடு பேச்சு 2023 ஓகஸ்ட் 23க்குத் தாவி, சந்திரயான் 3 சந்திரனில் இறங்கியது, அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல் என்று போய், மண்டபத்துக்கே ஒரு சந்தோசம் வந்துவிட்டது. நம் ஆட்கள், விடுவார்களா.

அன்றைய மாலையின் உச்சம் அதுவும் இல்லை. முன்வரிசையில் இருந்த வயதான அங்கிள் ஒருவர் மைக்கை வாங்கினார். அவர்கள் சந்திரனில் கால் வைத்தது அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை இரவு, எங்களுக்குத் திங்கட்கிழமை காலை எட்டரை மணிபோல என்றார். “டிவி எங்கயிருந்தது மகள் எங்களிட்ட? இலங்கைக்கு டிவி வந்ததே 79இல. நாங்கள் ரேடியோவைச் சுத்தி நிண்டு கேட்டனாங்கள். இண்டைக்குத்தான் அதை முழுசாப் பெரிய திரையில பாக்கிறன்.” இதைச் சொல்லிவிட்டு அவர் அழுது வடிக்கவில்லை, உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்: இறங்கும்போது எரிபொருள் எத்தனை விநாடிக்கு மிச்சம் இருந்தது என்பதில் அவருக்கும் மிஸ்ஸுக்கும் ஒரு வாக்குவாதம், ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். இதை எந்த ஓடிடியில் பார்ப்பீர்கள்?

ஆனால் அதே இரவில்தான் எனக்கு எரிச்சலும் வந்தது. படம் முடிந்ததும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்ச் சின்னத் தொலைநோக்கியில் நிலாவைக் காட்டுவோம் என்று அறிவித்திருந்தார்கள். போயா என்றால் முழுநிலா. முழுநிலாவைத் தொலைநோக்கியில் பார்த்திருக்கிறீர்களா? கண் கூசும், வேறொன்றும் இல்லை. சூரிய ஒளி நேராக விழுவதால் நிழலே கிடையாது, நிழல் இல்லாமல் பள்ளமும் மலையும் தெரியாது. கறுப்புத் திட்டுகளை மட்டும் காட்டி, இதுதான் அமைதிக் கடல், இங்கேதான் இறங்கினார்கள் என்று விரலால் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்பல்லோ 11 இறங்கிய நாளே முழுநிலா நாள் இல்லை, வளர்பிறை. இறங்கும் இடத்தில் சூரியன் அடிவானத்துக்குச் சற்று மேலே, பத்துப் பாகை அளவில் இருக்கும்படி நேரம் பார்த்துத்தான் அனுப்பினார்கள், நீளமான நிழல் விழுந்தால்தான் குழியும் பாறையும் விமானியின் கண்ணுக்குத் தெரியும் என்று. அதையெல்லாம் கீழே விளக்கிவிட்டு மேலே வந்து முழுநிலாவுக்குத் தொலைநோக்கியைத் திருப்பினால் எப்படி? விடுமுறை நாள் என்பதால் போயாவில் கூட்டம் சேரும், அது எனக்கும் விளங்குகிறது. படத்தைப் போயாவில் போடுங்கள், தொலைநோக்கியை வளர்பிறை அட்டமிக்குப் பக்கத்தில் வரும் ஒரு சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். கொழும்பு வெளிச்சத்திலும் அட்டமிச் சந்திரனில் பள்ளங்கள் துல்லியமாகத் தெரியும்.

மாடியில் ஒரு சிறுமி “அங்கிள், கொடி தெரியுமா?” என்று கேட்டாள். தொலைநோக்கிக்காரர் சிரிக்காமல் பதில் சொன்னார், அது எனக்குப் பிடித்தது: விண்வெளியில் சுற்றும் ஹபிள் தொலைநோக்கிக்கே சந்திரனில் ஏறக்குறைய 100 மீட்டரைவிடச் சிறிய பொருள் பிரித்துத் தெரியாது பிள்ளை, இது கைப்பிடி அளவு.

‘கிராவிட்டி’ போட்ட நாள் வேறு மாதிரி. படம் எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் கூட்டமும் கூட. பேச்சுக்கு அன்று வந்தவர் பொறியியலாளர் ஒருவர், மைக்கை வாங்கியதும் அங்கிருந்த அன்ரி ஒருவரிடம் இரண்டு வளையல்களைக் கடன் வாங்கினார். ஒன்றை நேராகப் பிடித்து இது ஹபிள் போகும் பாதை என்றார், மற்றதை அதற்குள் சரித்துப் பிடித்து இது சர்வதேச விண்வெளி நிலையம் என்றார். பூமியின் மத்திய கோட்டுக்கு ஒன்று 28.5 பாகை சாய்வு, மற்றது 51.6. உயர வித்தியாசம் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர்தான், அது பெரிய விசயமில்லை, ஆனால் ஒரு வளையலிலிருந்து மற்ற வளையலுக்குத் திரும்புவதற்குக் குறைந்தது விநாடிக்கு 3 கிலோமீட்டர் வேக மாற்றம் வேண்டும், படத்தில் விண்வெளி வீரர் முதுகில் கட்டியிருக்கும் அந்தச் சின்ன எந்திரத்தால் அது ஒருநாளும் நடக்காது என்றார். படத்தில் வீரர்கள் ஹபிளிலிருந்து விண்வெளி நிலையத்துக்கு மிதந்து போகிறார்கள் அல்லவா. எத்தனையோ தடவை அந்தப் படத்தின் பிழைகளைப் பற்றி வாசித்திருக்கிறேன், இரண்டு வளையலில் விளங்கிய மாதிரி எங்கேயும் விளங்கவில்லை. அன்ரிதான் கடைசிவரை வளையலைத் திரும்பக் கேட்டபடி இருந்தார்.

படத்தில் சரியாக உள்ள விசயத்தையும் அவர் விடவில்லை: விண்குப்பை. 2009 பெப்ரவரியில் இரிடியம் 33, கொஸ்மொஸ் 2251 என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் சைபீரியாவுக்கு மேலே மோதிச் சிதறியது, ஒரு மோதலின் துண்டு அடுத்த மோதலை உண்டாக்கும் என்று நாசா விஞ்ஞானி கெஸ்லர் 1978இலேயே எழுதியது எல்லாம் சொன்னார். பிறகு கேட்டார், எங்கட நாட்டுப் பக்கம் விழுந்த விண்குப்பை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஒருவருக்கும் இல்லை. 2015 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன், இலங்கையின் தெற்குக் கரைக்கு அப்பால் கடலுக்கு மேலே ஒரு பொருள் வளிமண்டலத்தில் எரிந்து விழுந்தது. முன்கூட்டியே கண்டுபிடித்து நேரம், இடம் எல்லாம் கணித்துச் சொல்லியிருந்தார்கள். 1998இல் சந்திரனுக்கு அனுப்பிய லூனர் புரொஸ்பெக்டர் கலத்தின் ரொக்கெட் பாகமாக இருக்கலாம் என்பது பிறகு வந்த கணிப்பு. ஹொலிவூட் படத்தில் பார்த்துப் பயந்த சாமான் காலி, மாத்தறைக்கு அங்கால் விழுந்திருக்கிறது என்றதும் மண்டபம் கலகலத்துவிட்டது. இந்த மாதிரி ஒரு தகவலை நம் ஊரோடு கட்டித் தருவதற்குத்தான் ஆள் வேண்டும், புரொஜெக்டர் எவராலும் வாடகைக்கு எடுக்க முடியும்.

எல்லா நாளும் இப்படி அமையாது. மிஸ் வராத நாட்களில் நடத்தும் அண்ணா நல்லவர், ஆனால் மைக்கைத் திரும்ப வாங்கத் தெரியாதவர். இலங்கையின் முதல் செயற்கைக்கோள் ராவணா 1 பற்றிய ஒரு சின்ன வீடியோ போட்டார்கள். 2019 ஏப்ரலில் விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூனில் அங்கிருந்து வெளியே விடப்பட்ட, ஒரு பக்கம் 10 சென்ரிமீட்டர் அளவேயான சின்னப் பெட்டி அது, ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இலங்கைப் பொறியியலாளர்கள் செய்தது. இவ்வளவு சிறிய பெட்டிக்குள் கமெரா, சூரியத் தகடு, ரேடியோ எல்லாம் எப்படி அடக்கினார்கள் என்று ஒரு பிள்ளை கேட்க வாயெடுத்தாள். அதற்குள் ஒருவர் எழும்பி ராவணனின் புஷ்பக விமானம், கட்டுநாயக்காவுக்கு முன்பே இருந்த ஓடுபாதைகள் என்று தொடங்கி அரை மணித்தியாலம். ஒருவர் ஆமோதிக்க, ஒருவர் மறுக்க, பிள்ளையின் கேள்வி அப்படியே போய்விட்டது. பெயர் வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முதல் வாய்ப்பு என்று ஒரு ஒழுங்கு வைத்தால் போதும், இதைச் சொல்லப் பெரிய மூளை தேவையில்லை.

இப்போது அந்த முறைப்பாடு. ‘அப்பல்லோ 13’ ஏறக்குறைய இரண்டு மணி இருபது நிமிடப் படம். ஆறரைக்கு என்று சொல்லி ஏழுக்குத் தொடங்கினார்கள், நடுவில் பிளேன்டீ, முடியும்போது ஒன்பதரை தாண்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் அன்றைக்கு ஆயத்தம் செய்திருந்த நல்ல சாமானை எடுத்தார்கள்: காட்போட், பொலித்தீன் பை, டேப், குழாய் எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, சதுரப் பெட்டியை வட்டத் துளையில் பொருத்துங்கள் என்று பிள்ளைகளுக்குப் போட்டி. 1970 ஏப்ரலில் நிஜ அப்பல்லோ 13 கலத்தில் ஒட்சிசன் தாங்கி வெடித்த பிறகு, மூச்சுக் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை அகற்ற விண்வெளி வீரர்கள் உண்மையிலேயே இந்த மாதிரிப் பொருட்களை வைத்துத்தான் ஒன்றைச் செய்தார்கள். அருமையான யோசனை, யார் யோசித்தார்களோ அவருக்கு ஒரு சபாஷ். ஆனால் ஒன்பதரைக்கு யார் நிற்பார்கள்? அம்மாமார் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், கொட்டாஞ்சேனைக்கும் தெஹிவளைக்கும் போக வேண்டியவர்கள் பஸ்ஸைப் பார்க்கிறார்கள், காவலாளி சாவியோடு வாசலில். மேசையில் டேப் ஒட்டியபடி பாதியில் நின்ற பெட்டிகளைப் பார்க்கக் கவலையாக இருந்தது.

இதற்கு நேர் எதிர், படமே போடாத நாள். புரொஜெக்டர் பிரச்சினையோ வேறெதுவோ, அன்று நாசாவின் சின்னச் சின்ன வீடியோக்களை மட்டும் மடிக்கணினியிலிருந்து ஓடவிட்டார்கள். அதில் ஒன்று 2021 பெப்ரவரி 18 பெர்சிவியரன்ஸ் என்ற ஆய்வு வண்டி செவ்வாயில் இறங்கியது. பரசூட் விரிவது, வெப்பக் கவசம் கழன்று விழுவது, கயிற்றில் வண்டியை இறக்குவது, எல்லாம் கலத்திலேயே இருந்த கமெராக்கள் எடுத்தது. சில நிமிடம்தான். வளிமண்டலத்தில் நுழைந்து தரை தொட ஏழு நிமிடம், ஆனால் அன்று செவ்வாயிலிருந்து சமிக்ஞை வந்துசேரப் பதினொரு நிமிடத்துக்கு மேல். அதாவது நுழைந்துவிட்டோம் என்ற செய்தி இங்கே வரும்போது அங்கே எல்லாம் முடிந்திருக்கும், உடைந்ததோ பிழைத்ததோ. இதை விளங்கவைக்க மிஸ் ஒரு வேலை செய்தார். ஒரு பெடியனை மைக்கில் “அங்க சுகமா?” என்று கேட்கச் சொல்லி, பல்கனியில் ஒரு பிள்ளையைச் செவ்வாயாக நிறுத்தி, பதினொரு நிமிடம் கழித்துத்தான் கேள்வி அவள் காதுக்குப் போகலாம், பதில் வர இன்னும் பதினொரு நிமிடம் என்று மணிக்கூட்டைப் பார்த்துக் காவல் வைத்தார். பேச்சு வேறெங்கோ போய், எல்லோரும் மறந்து, கேட்ட பெடியன் ரோல்ஸ் வாங்கப் போயிருந்த நேரத்தில் பல்கனியிலிருந்து “சுகம், நீங்கள்?” என்று குரல் வந்தது. செவ்வாயில் ஆள் இருந்தால் இங்கிருந்து ஏன் எதையும் கைபிடித்து நடத்த முடியாது என்பது அங்கிருந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் ஏறிவிட்டது. அன்று எட்டரைக்கே முடிந்தது, ஒருவரும் எழும்பவில்லை.

ஆகவே நடத்துபவர்களே, படம் நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முழுப் படம் போட ஆசை என்றால் இரண்டு துண்டை வெட்டிக் காட்டுங்கள், மிச்சத்தை வீட்டில் பார்க்கட்டும். பழையதும் இருக்கிறது: பிரெஞ்சு இயக்குநர் மெலியே 1902இல் எடுத்த சந்திரப் பயணப் படம் கால் மணித்தியாலம்தான், சத்தமில்லாத படம் என்பதால் ரயில் போனாலும் கவலையில்லை, சப்டைட்டில் தலைவலியும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஹொலிவூட் படங்களைப் பொது இடத்தில் போட உரிமையாளரின் அனுமதி வேண்டும், இதைப் பற்றிக் கேட்டபோது எனக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. நாசாவின் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் பெரும்பாலும் பதிப்புரிமைத் தொல்லை கிடையாது, இலவசமாக எடுத்துக் காட்டலாம், அவ்வளவு நல்ல களஞ்சியம் கையில் இருக்கும்போது ஏன் வம்பு.

கேட்க இன்னொன்று. விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இலிருந்து 2008இல் இறக்கும்வரை இந்த நாட்டில் வாழ்ந்தவர், கொழும்பில் பார்ன்ஸ் பிளேஸில்தான் வீடு, அடக்கம் பொரளைக் கனத்தையில். ஒரு செயற்கைக்கோளைப் பூமியின் மத்திய கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் வைத்தால் அது பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்துக்கு மேலே நிற்கும், மூன்று இருந்தால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதியவர். நம் மொட்டை மாடி டிஷ் அன்டெனா எல்லாம் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறது. இத்தனை மாலைகளில் அவரைப் பற்றி ஒரு மாலை இல்லை. அதைத் தமிழில் யாராவது விளக்கினால் நான் முன்வரிசையில் இருப்பேன்.

போகிறவர்களுக்கு: வாகனம் நிறுத்த ஒழுங்கைக்குள் இடமில்லை, பஸ்ஸிலோ ஓட்டோவிலோ வாருங்கள். சக்கர நாற்காலிக்கு வழியில்லை, லிஃப்ட் கிடையாது, வயதானவர்களுக்குப் படி கொஞ்சம் செங்குத்து. தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் அன்றைக்கு என்ன படம் என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள், ‘கிராவிட்டி’ நாளில் ஒரு சின்னப் பிள்ளை பயந்து அழுது அம்மா தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் படத்துக்கு இரண்டு, பேச்சுக்கு மிஸ் வரும் நாளில் ஐந்து, வராத நாளில் மூன்று.